இல்லாதவர்களுக்காக, இருப்பவர்களோடு

எனது தரம் பத்து வகுப்பில் இரண்டு பிள்ளைகள். ஆறாம் தரத்திலிருந்து ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். மழை நாட்களில் ஒருத்தியின் குடைக்குள்தான் மற்றவளும் வீடு போவாள். கடந்த வருடம் இரண்டாம் தவணையில் ஒரு நாள் வகுப்புக்குள் நுழைந்தபோது அவர்களில் ஒருத்தி கடைசி வாங்கில் போய் இருந்தாள். காரணம் கேட்டேன். இருவரும் தலையைக் குனிந்து கொண்டார்கள். மூன்றாவதொருத்திதான் சொன்னாள்: "ரெண்டு பேரும் கோவம் சேர். கதைக்கிறல்ல."

இரவல் கொடுத்த கொப்பி தொலைந்திருக்கும், அல்லது இரு குடும்பங்களுக்குமிடையில் ஏதாவது காணிப் பிரச்சினை இருக்கும் என்றெல்லாம் நான் எண்ணிக்கொண்டேன். உண்மையான காரணம் தெரியவந்தபோது சிரிப்பதா அழுவதா என்று புரியவில்லை. தமிழில் குரல் மாற்றப்பட்ட ஒரு கொரியத் தொடர். அதன் கதாநாயகியை இருவர் விரும்புகிறார்கள். ஒருவன் செல்வந்தன், முரடன், பின்னர் திருந்துபவன். மற்றவன் ஆரம்பத்திலிருந்தே அமைதியாக அவளுக்கு உதவிவிட்டுக் கடைசியில் வெறுங்கையோடு நிற்பவன். பிள்ளைகளில் ஒருத்தி முன்னவன் கட்சி, மற்றவள் பின்னவன் கட்சி. தர்க்கம் முற்றிய ஒரு கட்டத்தில், "அப்படி முரடனப் புடிக்கிற உனக்கு நாளைக்கு அப்படி ஒருத்தன்தான் மாப்பிள்ளையா வருவான்" என்று ஒருத்தி சொல்லிவிட்டாள். அதன் பின்னர்தான் வாங்கு மாறியிருக்கிறது.

ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். இல்லாத ஒருவனுக்காக இருக்கும் ஒருத்தியோடு பகையா என்று ஒரு டீச்சர் கேட்டார். நானும் சிரித்தேன். ஆனால், அன்று பின்னேரம் சைக்கிளில் வீடு திரும்பும்போது அந்தச் சிரிப்பு எனக்குள்ளேயே கசந்தது. இருபது வருடங்களுக்கு முன்னர் நானும் இதையே செய்தவன்.

*

2006ஆம் ஆண்டு நான் ஆசிரியர் கலாசாலையில் பயின்றுகொண்டிருந்தேன். ஆண்கள் விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பனுக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. கலாசாலை நூலகத்தில் ஐந்து பாகங்களும் இருந்தன. மூன்றாம் பாகத்தில் பல தாள்களைக் காணவில்லை. அந்தத் தாள்களில் இருந்த கதையை அவன்தான் எனக்கு வாயால் சொன்னான். அவ்வளவு மனப்பாடம் அவனுக்கு.

நான் குந்தவைப் பிராட்டியின் கட்சி. அரசியல் தெரிந்தவள், தம்பியை உருவாக்கியவள், வந்தியத்தேவனுக்குச் சமமாக நிற்கக்கூடியவள் என்பது எனது வாதம். அவனோ மணிமேகலையின் பக்கம். நாவலை வாசித்தவர்களுக்கு நினைவிருக்கும், கடம்பூர்ச் சம்புவரையர் மாளிகைப் பெண். அண்ணன் கந்தன்மாறன் நண்பனின் வீரத்தைப் பற்றிச் சொல்லிச் சொல்லியே அவள் மனதில் ஓர் ஆளைக் குடியேற்றிவிடுகிறான். பிறகு, பெரிய இடத்துச் சம்பந்தம் என்றதும் அந்தப் பேச்சை அவனே மறந்துவிடுகிறான். அவள் மறப்பதில்லை. ஆதித்த கரிகாலனின் கொலைப்பழி வந்தியத்தேவன்மீது விழாமலிருக்க, தானே கொன்றதாகச் சொல்லி நிற்கிறாள். கடைசி அத்தியாயத்தில் அவள் உயிர் பிரிகிறது. அந்த நீண்ட கதையைக் கல்கி முடித்துவைப்பது பட்டாபிஷேகத்தோடு அல்ல, இவளது மரணத்தோடுதான் என்பதை அவன் அடிக்கடி சுட்டிக்காட்டுவான். "யாருக்காகக் கதை எழுதினதெண்டு அதுல விளங்கல்லையா மச்சான்?" என்பான்.

ஒரு வியாழக்கிழமை இலக்கிய மன்றத்தில் இதுவே பேசுபொருளாயிற்று. அவன் எழுந்து மணிமேகலைக்காகப் பேசினான். நன்றாகப் பேசினான் என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன். அவனுக்குப் பின் நான் எழுந்தேன். தஞ்சைப் பெரிய கோவிலின் கல்வெட்டில் குந்தவை, வல்லவரையர் வந்தியதேவரின் தேவி என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. மணிமேகலையோ கல்கியின் கற்பனை. கல்லே என் பக்கம் இருக்கும்போது கற்பனைக்கு என்ன மரியாதை என்று கேட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். சபை சிரிக்கத் தொடங்கியதும் எனக்கு நாக்குச் சூடேறிவிட்டது. "மணிமேகலையை விரும்புகிறவர்கள் யாரென்றால், இரண்டாம் இடத்துக்கென்றே பிறந்தவர்கள். கைவிடப்படுவதையே ஒரு பெருமையாகக் கொண்டாடுபவர்கள்" என்றேன்.

பல்கலைக்கழக அனுமதியைச் சில புள்ளிகளால் தவறவிட்டு, இரண்டாம் முறையும் தோற்று, அதன் பின்னர் கலாசாலைக்கு வந்தவன் அவன். அது எனக்குத் தெரியும். சபையிலிருந்த பலருக்கும் தெரியும். கைதட்டல் கூரையைத் தொட்டது. அன்றிரவிலிருந்து கலாசாலை வாழ்வு முடியும்வரை விடுதியில் அவனுக்குப் பெயர் 'மணிமேகலை'. சாப்பாட்டு மண்டபத்திலும், குளிக்கும் கிணற்றடியிலும், விளையாட்டு மைதானத்திலும் அதுதான் பெயர். நான் அந்தப் பெயரைச் சொல்லி அழைத்ததில்லை. அழைத்தவர்களைத் தடுத்ததுமில்லை.

*

இங்கு ஒரு கேள்வி எழுகிறது. கற்பனைப் பாத்திரம் ஒன்றுக்கு நாம் அநீதி இழைக்க முடியுமா? முடியாது என்றே நான் நினைக்கிறேன். மணிமேகலையை நான் என்ன சொன்னாலும் அவளுக்கு நோகாது. அவளுக்கு உடம்புமில்லை, உரிமையுமில்லை. அப்படியானால் அன்று சபையில் காயப்பட்டது யார்?

1975இல் கொலின் ரட்ஃபோர்ட் என்ற தத்துவ ஆசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். அன்னா கரீனினா என்றொரு பெண் உலகில் இருந்ததில்லை என்று நிச்சயமாகத் தெரிந்துகொண்டே அவளது முடிவுக்காக நாம் எப்படிக் கலங்குகிறோம் என்பது அவரது கேள்வி. ஒருவர் தன் சகோதரிக்கு நேர்ந்த துயரத்தைச் சொல்லி நம்மைக் கலங்க வைத்துவிட்டு, எனக்குச் சகோதரியே இல்லை என்றால் நமது கலக்கம் அந்தக் கணமே வடிந்து, கோபமாக மாறிவிடும். நாவலில் மட்டும் ஏன் வடிவதில்லை? இது மனித இயல்புதான், ஆனால் அறிவோடு பொருந்தாத இயல்பு என்றே அவர் முடித்தார். அவருக்கு மறுப்பாகப் பலர் எழுதினார்கள். விவாதம் இன்னும் ஓயவில்லை.

அந்தப் பெரிய விவாதத்தில் புகும் தகைமை எனக்கில்லை. ஒரு தமிழாசிரியன் என்ற வகையில் எனக்குப் படுவதை மட்டும் சொல்கிறேன். கதைமாந்தரை நாம் பாத்திரம் என்கிறோம். குசினியில் இருப்பதும் பாத்திரம்தான். எழுத்தாளன் அதை வனைந்து தருகிறான். அதற்குள் வாசகன் தன் வீட்டிலிருந்து எதையோ கொண்டுவந்து ஊற்றி வைக்கிறான். ஒருவன் தன் தோல்வியை ஊற்றுவான், ஒருத்தி தன் உம்மாவின் பொறுமையை ஊற்றுவாள். பிறகு நாம் வந்து அதைக் காலால் தட்டிவிட்டு, 'வெறும் பாத்திரம்தானே, ஏன் கோபிக்கிறாய்?' என்று கேட்கிறோம். பாத்திரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நிலத்தில் சிந்தியது வாசகனுடையது.

இந்தச் சண்டைகளில் ஏற்படும் காயம் உண்மையானது என்று நான் சொல்வது இதனால்தான். சண்டையின் பொருள் கற்பனை. சண்டை பிடிக்கும் இருவரும் கற்பனை அல்லர்.

*

கல்வெட்டைக் காட்டி நான் பேசினேன் அல்லவா? அது எனது இரண்டாவது பிழை. ரசிகர்களின் தர்க்கங்களில் எப்போதும் ஓங்கப்படும் தடி இதுதான். மூலத்தில் அப்படி இல்லை, எழுத்தாளரே சொல்லிவிட்டார், ஆகவே நீ வாயை மூடு என்பது.

ஹரி பொட்டர் கதைகளை வாசித்தோரிடையே நடந்ததைப் பாருங்கள். ஹெர்மாயினி என்ற அறிவாளிப் பெண் ஹரியோடு சேர வேண்டுமா, ரோனோடு சேர வேண்டுமா என்பதில் உலகெங்குமுள்ள ரசிகர்கள் இரண்டு முகாம்களாக நின்றார்கள். ஆங்கிலத்தில் உறவைக் குறிக்கும் 'ரிலேஷன்ஷிப்' என்ற சொல்லின் வாலை மட்டும் வெட்டியெடுத்து, இப்படி ஜோடி சேர்ப்பதை 'ஷிப்' என்று ரசிகர்கள் அழைக்கிறார்கள். தொண்ணூறுகளில் 'எக்ஸ் ஃபைல்ஸ்' என்ற தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்களிடம் பிறந்த வழக்கு இது. 2005 ஜூலை 16இல் ஆறாவது ஹரி பொட்டர் நூல் வெளிவந்தது. அதையொட்டி ரசிகர்கள் இருவர் எடின்பரோவுக்கு அழைக்கப்பட்டு ஜே.கே. ரோலிங்கைப் பேட்டி கண்டார்கள். ரோன்தான் என்பது நூலில் தெளிவாகிவிட்ட நிலையில், ஹரியின் பக்கம் நிற்பவர்கள் பிரமை பிடித்தவர்கள் என்ற பொருள்படும் ஒரு சொல்லைப் பேட்டி கண்டவர்களில் ஒருவர் உதிர்த்தார். ரோலிங் அச்சொல்லைத் தானாகச் சொல்லவில்லை. அவர்களும் தன் மதிப்புக்குரிய வாசகர்களே என்று தணிக்கவும் முனைந்தார். ஆனால் குறிப்புகள் தெளிவாகவே இருந்தன என்பதை அவரும் மறுக்கவில்லை. எழுத்தாளரின் முன்னிலையில், சிரிப்புக்கு நடுவே சொல்லப்பட்ட அந்த ஒரு சொல் எத்தனையோ பேரை எரித்தது. மறுபக்கத்தார் அதையே கொடியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

2007இல் கடைசி நூலும் வந்தது. ரோனும் ஹெர்மாயினியும் கணவன் மனைவியானார்கள். வழக்கு முடிந்தது என்றே எல்லோரும் எண்ணினார்கள். 2014இல், ஹெர்மாயினியாக நடித்த எம்மா வொட்சன் ஒரு சஞ்சிகைக்காக ரோலிங்கைப் பேட்டி கண்டார். அந்த இருவரையும் சேர்த்து வைத்தது கதையின் தேவையினால் அல்ல, தன் சொந்த விருப்பத்தினால்தான் என்ற கருத்தை அப்போது ரோலிங் வெளியிட்டார்.

தீர்ப்பு வழங்கிய நீதிபதியே ஒன்பது வருடங்களின் பின்னர் தீர்ப்பைப் பற்றி ஐயம் தெரிவிக்கிறார். அதற்கிடையில் பிரமை பிடித்தவர்கள் என்று கேலி செய்யப்பட்டவர்களுக்கு யார் பதில் சொல்வது? ரசனையின் விடயத்தில் ஆதாரம் என்பது கதையில் என்ன நடந்தது என்பதை மட்டுமே நிறுவும். எதை விரும்பலாம் என்பதை நிறுவாது. கல்வெட்டு வந்தியத்தேவனின் மனைவி யாரென்று சொல்கிறது. மணிமேகலைக்காக ஒருவன் அழலாமா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. கல்கிக்கே இது தெரிந்திருந்தது. 1950 முதல் 1954 வரை வாரம் வாரம் வந்த தொடரை முடித்த பின்னரும், பாத்திரங்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்ட வாசகர்களை அவர் தட்டிக்கழிக்கவில்லை. முடிவுரை ஒன்று எழுதி அவர்களுக்குப் பதில் சொன்னார்.

*

வாசக நண்பர்கள் இவ்விடத்தில் என்னை மறித்துக் கேட்கலாம். அப்படியானால் யாருக்கு எது பிடித்தாலும் வாய் திறக்கக் கூடாதா? கொடியவன் ஒருவனைப் பிள்ளைகள் கொண்டாடும்போது ஆசிரியன் பார்த்துக்கொண்டிருப்பதா?

நியாயமான கேள்வி. என் வகுப்பிலேயே அந்தக் கேள்வி இருந்தது. முரடன் அன்பினால் திருந்துவான் என்ற எண்ணம், இன்னும் சில வருடங்களில் கலியாணம் பேசப்படவிருக்கும் பெண்பிள்ளைகளுக்கு ஆபத்தானது என்றே நான் கருதுகிறேன். அந்த எண்ணத்தை நம்பி வாழ்க்கையைத் தொலைத்த பெண்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள்.

இந்தக் கவலை புதியதல்ல. சாமுவேல் ரிச்சட்சன் என்ற ஆங்கில எழுத்தாளர், தொழிலால் ஓர் அச்சகக்காரர், 1747இலும் 1748இலும் 'கிளாரிசா' என்ற நாவலை ஏழு பாகங்களாக, இடைவெளி விட்டு வெளியிட்டார். அதில் லவ்லேஸ் என்றொருவன். அழகன், பேச்சில் வல்லவன். கிளாரிசா என்ற நல்ல பெண்ணை வீட்டிலிருந்து ஏமாற்றி அழைத்துச் சென்று, மயக்க மருந்து கொடுத்துப் பலாத்காரம் செய்கிறான். கதை முடியும் முன்னரே வாசகர்கள், குறிப்பாகப் பெண்கள், அவன் திருந்த வேண்டும், இருவருக்கும் கலியாணம் நடக்க வேண்டும் என்று எழுதத் தொடங்கினார்கள். திருந்திய காமுகனே சிறந்த கணவன் என்று அக்காலத்தில் வழங்கிய எண்ணத்தை உடைக்கவே அந்த நாவலை எழுதியவருக்கு இது எவ்வளவு அதிர்ச்சியாக இருந்திருக்கும்!

அப்படி எழுதியவர்களில் முக்கியமானவர் பிரட்ஷா சீமாட்டி. முதலில் புனைபெயரில்தான் எழுதினார். கிளாரிசாவைக் கொன்றுவிடாதீர்கள் என்று கெஞ்சினார், கடிந்தார், அழுதார். ரிச்சட்சன் அசையவில்லை. கிளாரிசா இறந்தாள். பிந்திய பதிப்புகளில் லவ்லேஸின் தீமையை இன்னும் துலக்கமாகக் காட்டும் பகுதிகளைக்கூட அவர் சேர்த்தார். கருத்தில் அவர் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. ஆனால் அந்தப் பெண்ணை அவர் இகழவில்லை. லவ்லேஸை விரும்பும் நீ எப்படிப்பட்டவள் என்று கேட்கவில்லை. நீண்ட நீண்ட கடிதங்களில் தன் காரணங்களைச் சொன்னார், அவர் காரணங்களைக் கேட்டார். 1761இல் ரிச்சட்சன் இறக்கும்வரை அந்த நட்பு நீடித்தது. சீமாட்டியும் தன் கருத்தை விடவில்லை. தன்னிடமிருந்த பிரதியில் தனக்கு வேண்டிய முடிவைத் தன் கையாலேயே எழுதி வைத்துக்கொண்டார்.

இருவரும் தோற்கவில்லை. இருவரும் மௌனமாகவும் இல்லை. கருத்து வேறுபாட்டுக்கு இதைவிட நல்ல முன்மாதிரியை நான் அறியேன்.

அரபு மொழியில் இலக்கியத்துக்கும் நல்லொழுக்கத்துக்கும் 'அதப்' என்ற ஒரே சொல்தான் வழங்குகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் இப்னு குதைபா எழுதிய 'அதபுல் காதிப்' என்ற நூலின் தலைப்பில் எழுத்தரின் மொழித் தேர்ச்சியும் அவரது பண்பும் சேர்ந்தே ஒலிக்கின்றன. நமது வீடுகளிலும் 'அதபு இல்லாத பிள்ளை' என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். இலக்கியத்தில் கரைகண்டவர்கள் அதபை மறப்பது, அந்தச் சொல்லின் பாதியை மட்டும் படித்ததற்கு ஒப்பாகும்.

இளைஞர்களின் வெற்றுப் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கும் ரசிகர் வட்டங்களில்கூட இந்த அதபு இருக்கிறது. தமக்குப் பிடித்த பாத்திரங்களை வைத்துத் தாமே கதை எழுதுபவர்கள், கதையின் தலையிலேயே இது யார் யாரைச் சேர்த்து எழுதிய கதை என்று குறித்துவிடுகிறார்கள். அறுபதுகளில் ஒளிபரப்பான 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் ரசிகர்கள் கையெழுத்துப் பத்திரிகை போலத் தாமே அச்சடித்துப் பரிமாறிய இதழ்களிலிருந்து வந்த பழக்கம் இது. இரண்டு பெயர்களுக்கு நடுவே சாய்கோடு இட்டால் காதல். 'உம்' என்ற பொருள்படும் ஆங்கிலக் குறியை இட்டால் நட்பு மட்டும். பிடிக்காதவர் வாசலிலேயே திரும்பிவிடலாம். பிடிக்காவிட்டால் வாசிக்காதே என்பதும், வாசித்துவிட்டு எழுதியவரை ஏசாதே என்பதும் அவர்களிடையே எழுதாத சட்டங்கள். அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று ஸலாம் சொல்லி, அனுமதி கிடைத்தால் நுழைந்து, கிடைக்காவிட்டால் மனக்குறையின்றித் திரும்பும் பழக்கத்துக்கும் இதற்கும் வெகுதூரமில்லை. அந்தச் சட்டங்கள் அங்கு தினமும் மீறப்படுவதும் உண்மைதான். மீறப்படுவதனால் ஒரு சட்டம் பிழையாகிவிடாது.

*

கலாசாலைக் காலம் முடிந்து இரண்டு வருடங்களின் பின்னர் அந்த நண்பனின் கலியாணத்துக்கு அழைப்பு வந்தது. எல்லோருக்கும் அனுப்பிய அழைப்புத்தான். போனேன். அவனது மூத்த ராத்தா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டார்: "நீங்கதானா அந்தக் குந்தவைக்காரத் தம்பி?"

அந்த ராத்தாவைப் பற்றி விடுதியில் இன்னொரு நண்பன் எனக்கு ஏற்கனவே சொல்லியிருந்தான். சிறு வயதிலேயே மாமி மகனுக்கென்று பேசி வைத்திருந்தார்கள். அவர் கட்டாருக்குப் போய்த் திரும்பி, வேறிடத்தில் மணம் முடித்துக்கொண்டார். ராத்தா அதன் பிறகு கலியாணத்துக்குச் சம்மதிக்கவில்லை. யுத்த காலத்தில், மின்சாரமில்லாத இரவுகளில், குப்பி விளக்கின் வெளிச்சத்தில் தம்பிக்குப் பொன்னியின் செல்வனை வாசித்துக் காட்டியவரும் அவர்தான். இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து, அவன் மணிமேகலைக்காக வாதாடியதன் இரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவரது முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"உங்களுக்கு மணிமேகலையப் புடிக்காதாமே?" என்றார். நான் எதையோ முணுமுணுத்தேன். ராத்தா சிரித்துவிட்டார். "எனக்கும் அவளப் புடிக்கிறல்ல தம்பி. எனக்கும் குந்தவையத்தான் புடிக்கும். இவன்தான் சின்னதுல அவளுக்காகத் தேம்பித் தேம்பி அழுவான்."

மணிமேகலையை விரும்புபவன் தோற்றவன் என்று முதலில் முடிவு கட்டினேன். பின்னர், ராத்தாவின் வாழ்க்கைதான் மணிமேகலை என்று முடிவு கட்டினேன். முதலாவது கொடூரம், இரண்டாவது இரக்கம். ஆனால் இரண்டும் ஒரே பிழை. விருப்பத்தைப் பார்த்து ஆளைப் படித்துவிட்டதாக நினைக்கும் பிழை. மணிமேகலையின் நிலையில் நின்றதாக நான் எண்ணிய பெண் குந்தவையை நேசித்தார். அவரது வாழ்வு அவருடையது, ரசனையும் அவருடையது. இரண்டுக்குமிடையே கோடு கீற எனக்கு என்ன அதிகாரம்?

இதை நினைத்துக்கொண்டுதான் அடுத்த வாரம் அந்த மாணவியை அழைத்துக் கேட்டேன். முரடன் கட்சிக்காரி. புத்தி சொல்லவில்லை, கேட்கத்தான் செய்தேன். "மகள், அவனில உங்களுக்கு என்ன புடிக்கும்?" நெடுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அவன் மன்னிப்புக் கேக்கிறான் சேர். எங்கட ஊட்டுல ஆம்புளையள் யாரும் மன்னிப்புக் கேட்டு நான் காணல்ல."

அவள் விரும்பியது முரட்டுத்தனத்தை அல்ல. முரட்டுத்தனத்தைப் பற்றி அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. நான் தயார் செய்து வைத்திருந்த பிரசங்கம் முழுவதும் வீணாயிற்று. மன்னிப்புக் கேட்பதற்கு முன்னர் ஒருவன் எத்தனை முறை அடிக்கலாம் என்று மட்டும் கேட்டேன். "ஒரு தரமும் ஏலா சேர்" என்றாள். அதுபற்றி இருவரும் கொஞ்சம் கதைத்தோம். கேட்காமல் தொடங்கியிருந்தால் அந்தச் சம்பாஷணை நடந்தேயிருக்காது.

அன்றிரவு பழைய நண்பர்களிடம் விசாரித்து அவனது இலக்கத்தைப் பெற்றுக்கொண்டேன். இப்போது வேறு மாவட்டத்தில் பிரதி அதிபர். குரலில் மாற்றமில்லை. சுகம் விசாரித்த பின்னர், "மச்சான், அண்டைக்கு மன்றத்துல நான் கதைச்சது பிழை. அந்தப் பேருக்கும் நான்தான் பொறுப்பு" என்றேன். மறுமுனையில் சற்றுநேரம் சத்தமில்லை. பிறகு கேட்டான்:

"மணிரத்னத்திட படம் பார்த்தியா?"

2022இலும் 2023இலும் இரண்டு பாகங்களாக வந்த படம். பார்த்திருந்தேன்.

"ரெண்டு பாகத்திலயும் தேடினன். அவள் இல்ல. நீ மன்றத்துல வெச்சு ஏசினாய். அவங்க அவளப் பிறக்கவே விடல்ல."

சிரித்தான். நானும் சிரித்தேன். மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ராத்தா சுகமாக இருப்பதாகவும், படத்தில் குந்தவையைப் பார்த்துவிட்டு இது போதாது என்று குறைப்பட்டதாகவும் சொன்னான்.

மூன்றாம் தவணையில் அந்தப் பிள்ளைகள் இருவரும் மீண்டும் ஒரே வாங்குக்கு வந்துவிட்டார்கள். அதற்காக நான் எதுவும் செய்யவில்லை, அவர்களாகவே வந்தார்கள். அந்தத் தொடர் முடிந்து வேறொன்று தொடங்கியிருந்தது. அதிலும் இரண்டு கட்சிதான். இடைவேளையில் தர்க்கம் ஆசிரியர் அறைவரை கேட்கிறது. காது கொடுத்துக் கேட்டேன். அவன் அப்படி, இவள் இப்படி என்றுதான் கதைக்கிறார்கள். 'நீ' என்ற சொல் அதற்குள் வரவில்லை. அந்த ஒரு சொல் வராதிருக்கும்வரை அவர்கள் எவ்வளவு சத்தமாகவும் சண்டை பிடிக்கலாம்.